கேள்வி–பதில்: பிள்ளை கையில் பாக்கெட், ரசீதில் இல்லை

குழந்தையோடு கடைக்குப் போனபோது தின்பண்டம் ஒன்றுக்குக் காசு கட்ட மறந்ததைப் பற்றி மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கடைக் கணக்கு தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: சம்பளம் வந்த வாரம் டவுன் சூப்பர் மார்க்கெட்டில் 86 வெள்ளிக்குச் சாமான் வாங்கினோம். இரண்டு வயது மகன் அழுதான் என்று 1 வெள்ளி 80 காசு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். தோட்டத்துக்கு வந்து ஸ்ட்ரோலரை மடக்கும்போது பாதிப் பாக்கெட் உள்ளே கிடந்தது. ரசீதில் அது இல்லை. “இதுக்குப் போய் இன்னொரு தடவ மோட்டார எடுக்கணுமா, விடு” என்கிறார் வீட்டுக்காரர். “கேமராவுல பதிஞ்சிருக்கும், போலீஸ் வரும்” என்கிறார் மாமியார். இது திருட்டா? இப்போது என்ன செய்வது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: திருட்டு இல்லை. குற்றவியல் சட்டத்தின் 378ஆவது பிரிவு, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் திருட்டு என்கிறது. அந்த எண்ணம் என்னவென்று 24ஆவது பிரிவு விளக்குகிறது: ஒருவருக்கு முறையில்லாத லாபமோ இன்னொருவருக்கு முறையில்லாத நட்டமோ வரவேண்டும் என்று நினைத்துச் செய்வது. வரிசையில் நின்று 86 வெள்ளி கட்டியவர் 1 வெள்ளி 80 காசை மறந்ததில் அப்படி எதுவும் இல்லை.

ஆனால் வீட்டுக்காரர் சொல்கிற அந்த “விடு” இருக்கிறதே, அதில்தான் சிக்கல். தவறுதலாகக் கைக்கு வந்த பொருள் அடுத்தவருடையது என்று தெரிந்த பிறகும் அதை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வதை 403ஆவது பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்காக வழக்கு எழுதுவார்கள் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. யாரும் குறை சொல்லாத அற்பமான பாதிப்பைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று 95ஆவது பிரிவும் இருக்கிறது. ஆனால் மறந்த நிமிடத்தைப் பற்றி யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. ஸ்ட்ரோலரில் பாக்கெட்டைப் பார்த்த நிமிடத்துக்குப் பிறகு நடப்பதெல்லாம் உங்கள் பொறுப்பு.

மாமியாரின் கேமரா பயத்துக்கு வருவோம். கடைக் கேமராவை எந்நேரமும் உட்கார்ந்து பார்க்க ஆள் வைக்கிற கடைகள் குறைவு. பெரும்பாலும் ஸ்டாக் எண்ணும்போது ஏதாவது இடித்தால்தான் பழைய பதிவைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்காக அதையும் செய்யமாட்டார்கள். அப்படியே பார்த்தாலும் பிள்ளைக்குக் கொடுத்தது, கவுண்டரில் நின்றது, காசு கட்டியது எல்லாம் அதில் இருக்கும். அது உங்களுக்குத்தான் சாதகம்.

இனி செய்ய வேண்டியது. அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரசீதின் தலைப்பில் கடையின் தொலைபேசி எண் இருக்கும். அன்றைக்கே அழைத்து, “இத்தனை மணிக்கு வந்தோம், பிள்ளை கையில் இருந்த இந்தப் பாக்கெட் ரசீதில் விட்டுப்போச்சு, அடுத்த முறை டவுனுக்கு வரும்போது கட்டிவிடுகிறோம்” என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் எண் கொடுத்திருந்தால் அதில் எழுதுவது இன்னும் நல்லது, நேரத்தோடு பதிவாகிவிடும். ரசீதை உடனே படம் பிடித்துக்கொள்ளுங்கள். சூட்டில் அச்சாகும் தாள் அது. மோட்டார் கூடையில் ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும்.

பாக்கெட்டின் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கோடு கோடாக பார்கோடு இருக்கிற பக்கம் மட்டும் இருந்தால் போதும். கோடு கசங்கி ஸ்கேனர் படிக்காவிட்டாலும், அதன் கீழே உள்ள 13 இலக்க எண்ணைக் காசாளர் கையால் தட்டிவிடுவார். மலேசியாவில் பதிவான எண் 955 என்று தொடங்கும்.

கடைக்குள் நுழையும்போதே வாசலில் நிற்கும் காவலாளியிடம் உறையையும் ரசீதையும் காட்டிவிட்டு உள்ளே போங்கள். கூட்டமான கவுண்டருக்குப் போகாமல் வாடிக்கையாளர் சேவைக் கவுண்டர் இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். அவரிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: உறையை ஸ்கேன் செய்து காசு வாங்க வேண்டும்.

கணினிக் கணக்கில் அந்த பிஸ்கட் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஸ்கேன் ஆகும்போதுதான் ஸ்டாக்கில் ஒன்று குறையும். இரண்டு வெள்ளியைக் கவுண்டரில் வைத்துவிட்டு வந்தால், அன்றைய கல்லாவில் காசு கூடும், ஸ்டாக்கில் பொருள் குறையும். கல்லாவில் காசு குறைந்தால் காசாளர் எப்படிப் பதில் சொல்ல வேண்டுமோ, கூடினாலும் அப்படியேதான். நல்லது செய்யப் போய் அந்தப் பெண்ணுக்கு வேலை வைத்துவிட்டு வரக்கூடாது.

உறை தொலைந்துவிட்டதா? அலமாரியிலிருந்து அதே பாக்கெட்டை எடுத்துவந்து ஸ்கேன் செய்யச் சொல்லிக் காசு கட்டி, பாக்கெட்டைக் கவுண்டரிலேயே விட்டுவிடுங்கள். அதே ருசி, அதே எடை முக்கியம்; 100 கிராமுக்கு ஒரு பார்கோடு, 200 கிராமுக்கு வேறு. இதையே யாரிடமும் சொல்லாமல், காசு கட்டிய பாக்கெட்டைத் தாங்களே அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. கணக்கு என்னவோ சரியாகிவிடும். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டே செய்யுங்கள்.

புது ரசீதை வாங்கிப் பழையதோடு சேர்த்து வையுங்கள். ரொக்கமாகக் கட்டினால் மொத்தத் தொகை கிட்டத்தில் உள்ள ஐந்து காசுக்கு மாறும். 2008 ஏப்ரல் முதல் அப்படித்தான். 1.79 என்றால் 1.80 வாங்குவார்கள். கார்டிலோ, ஃபோனில் ஸ்கேன் செய்யும் டுயிட்நவ் கியூஆரிலோ கட்டினால் சரியாக 1.79தான்.

கேள்வி: பிரிக்காத பொருள் என்றால் காசு கட்டாமல் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கொடுக்கலாம், கவுண்டரில் கொடுங்கள். நீங்களாகவே அலமாரியில் வைக்காதீர்கள். தயிர், சாசேஜ், சீஸ் போலக் குளிர்பெட்டியில் இருந்து எடுத்ததென்றால் திருப்பிக் கொடுக்காமல் காசைக் கட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரம் வண்டியில் வெந்துவந்த தயிர் மறுபடி குளிர்பெட்டிக்குப் போனால் வேறொரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு.

கேள்வி: வாசலைத் தாண்டும்போது காவலாளி நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி கையில் சாக்லெட் இருக்கிறது, நான் கவனிக்கவில்லை. எனக்கு மலாய் அவ்வளவாக வராது. கடையில் ‘திருடினால் பத்து மடங்கு அபராதம்’ என்று வேறு எழுதிப்போட்டிருக்கிறார்கள்.
— பாட்டி ஒருவர், தோட்ட வீடமைப்புப் பகுதி

பதில்: அம்மா, முதலில் நில்லுங்கள். பதற்றத்தில் நடையை எட்டிப் போட்டால் அதுவே சந்தேகமாகிவிடும். சாக்லெட்டைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக் கீழே போடவோ உங்கள் பையில் தள்ளவோ வேண்டாம். பிள்ளை கையிலேயே இருக்கட்டும். யார் எடுத்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. காவலாளி நேப்பாளத்துக்காரராக இருக்கலாம், அவருக்கும் மலாய் கொஞ்சம்தான் தெரியும். இரண்டு வரி போதும்: “மாஆஃப், சாயா தெர்லுப்பா பாயார். நாக் பாயார் செகாராங்.” மன்னிக்கவும், காசு கட்ட மறந்துவிட்டேன், இப்போதே கட்டிவிடுகிறேன் என்று பொருள். ரசீதை நீட்டிக்கொண்டே சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. பத்து மடங்கு அபராதம் என்ற பலகைக்குச் சட்டத்தில் இடமில்லை. அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. கடைக்கு நீங்கள் தரவேண்டியது பொருளின் விலை. “ஐம்பது வெள்ளி கொடு, இல்லாட்டி போலீஸ்” என்றால், “போலீசையே கூப்பிடுங்கள்” என்று அமைதியாகச் சொல்லலாம். இதைச் சொல்லத் தயங்கித்தான் பலர் காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

தன் கண்ணெதிரே நடந்த திருட்டுக்கு ஒருவரைப் பிடித்துவைக்கப் பொதுமக்களுக்கும், ஆகவே காவலாளிக்கும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அனுமதி தருகிறது. ஆனால் தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். பின்னறையில் மணிக்கணக்காக உட்கார வைத்து விசாரிக்கும் உரிமை அவருக்கு இல்லை. உங்களைச் சோதனை போடுவதென்றால் பெண்தான் போட வேண்டும். பையை நீங்களே திறந்து காட்டுங்கள், யாரையும் பைக்குள் கையை விட விடாதீர்கள். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாள் எதிலும் கையெழுத்து வேண்டாம். “நான் திருடினேன்” என்று மலாயில் எழுதியிருப்பது தெரியாமலேயே கையெழுத்துப் போட்டுவிட நேரும்.

உங்களையும் பேத்தியையும் படம் பிடித்துக் கடையின் ஃபேஸ்புக்கில் போட முயன்றால் தடுத்துச் சொல்லுங்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரைத் திருடி என்று ஊரறியப் போடுவது அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும்.

போலீஸ் நிலையம்வரை போனால், கைதுக்கான காரணத்தைச் சொல்லச் சொல்லலாம். உறவினர் ஒருவருக்கும் வழக்கறிஞர் ஒருவருக்கும் தகவல் சொல்ல அதே நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவு உரிமை தருகிறது. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்று கேட்டால் போலீசுக்குத் தெரியும். கைதான நேரத்திலிருந்தே மலேசியர்களுக்கு உதவும் அமைப்பு அது.

கடைத் திருட்டுக்குப் போடும், குற்றவியல் சட்டத்தின் 380ஆவது பிரிவில் பத்தாண்டுவரை சிறை உண்டு. அதனால்தான் ஒரு சாக்லெட் என்றாலும் வாய்தவறி “ஆமா, எடுத்துட்டேன்” என்று சொல்லிவைக்காதீர்கள். “மறந்துவிட்டேன்” என்பதுதான் உண்மை, அதையே சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகன் மிட்டாயைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அவன் மேல் வழக்கு வருமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வராது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது எதுவும் குற்றமாகாது என்கிறது குற்றவியல் சட்டத்தின் 82ஆவது பிரிவு. மிட்டாயை அவனையே எடுத்துக்கொண்டு போய்க் கவுண்டரில் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று வயதில் ‘நம்முடையது, கடையுடையது’ என்ற பேச்சு காதில் ஏறாது. கையால் கொடுத்தால் ஏறும். அடித்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கடைக்காரர் பரிதாபப்பட்டு, “பரவாயில்ல, வெச்சுக்கோ தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார், பாடம் கெட்டுவிடும்.

கேள்வி: கட்டுவதற்கு முன்பே பிரித்துக் கொடுப்பது தப்பா? எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது? மறக்காமல் இருக்க என்ன வழி?
— இளம் தாய், சுங்கை சிப்புட்

பதில்: கவுண்டரில் காசு கட்டும்வரை பொருள் கடையுடையது. ஆகவே கடை ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். கட்டும் எண்ணத்தோடு பிரித்தால் திருட்டில்லை. பெரும்பாலான கடைகள் குழந்தை விஷயத்தில் கண்டுகொள்வதும் இல்லை. ஆனால் பொருளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

எடைபோட்டு விற்கும் எதையும் கொடுக்காதீர்கள்: திராட்சை, லோங்கான், டுக்கு, வாழைப்பழம், அள்ளிப் போடும் முறுக்கு, பிஸ்கட். வயிற்றுக்குள் போனதை எடைபோட முடியாது. “ரெண்டு திராட்சைதானே” என்பவர்கள் அதிகம், ஆனால் இதில் பின்னால் போய்க் காசு கட்டவும் வழி கிடையாது. வாழைப்பழம்தான் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் எடைபோட்டு விலைத்தாள் ஒட்டிக்கொண்டு, தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கொடுங்கள்.

கட்டாக விற்பதில் ஒன்றைப் பிய்த்துக் கொடுப்பது அடுத்த தொல்லை. விட்டாஜென், யாகுல்ட் பால் பானங்கள் ஐந்து பாட்டில் கட்டாக வரும். ஸ்கேன் செய்ய வேண்டிய பார்கோடு வெளியே சுற்றிய பிளாஸ்டிக்கில் இருக்கிறது. ஒரு பாட்டிலைப் பிரித்துவிட்டு அந்தப் பிளாஸ்டிக்கைக் குப்பையில் போட்டால் கவுண்டரில் நிற்க வேண்டியதுதான். பெரிய பைக்குள் வரும் குட்டிக் குட்டிப் பாக்கெட்டுகளும் இதே கதை. தனிப் பாக்கெட்டாக, தன் பார்கோட்டோடு வரும் மம்மி நொறுக்கு நூடுல்ஸ், பன், பிஸ்கட், பெட்டிப் பால் ஆகியவையே வசதி. பிரிக்கும்போது பார்கோடு இல்லாத முனையைக் கிழியுங்கள்.

நகரும் டிராலியில் கடலை, முழுத் திராட்சை, குட்டி ஜெல்லி, கெட்டி மிட்டாய் எதுவும் கொடுக்கவே கூடாது, காசு கட்டியிருந்தாலும். டிராலி ஒரு குலுக்கு குலுக்கினால் தொண்டையில் போய் நிற்கும்.

மறதிக்கு வருவோம். கட்டாத பொருள் எங்கே ஒளிகிறது என்று கவுண்டரில் நிற்பவர்களுக்குத் தெரியும். டிராலியின் குழந்தை இருக்கையில் கால் விடும் துளைகளை மூடும் பிளாஸ்டிக் மடிப்பு ஒன்று உண்டல்லவா? அதற்கும் பிள்ளையின் தொடைக்கும் நடுவில்தான் முதலிடம். பிறகு ஸ்ட்ரோலருக்கு அடியில் தொங்கும் கூடை, அதன் கூரை மடிப்பு, பெம்பர்ஸ் பை, பிள்ளையின் மூடிய கை. இன்னும் ஒன்று உண்டு, உங்கள் அக்குள். பிள்ளை அழும்போது பாக்கெட்டை வாங்கி அங்கே இடுக்கிக்கொண்டு சாமானை அடுக்குவார்கள், அப்படியே வெளியே போய்விடுவார்கள்.

சத்தம் போடும் வாசலை நம்பாதீர்கள். அதைச் சத்தம் போட வைக்கும் டேக்கைப் பால்மாவு டின், ஷேவர் பிளேடு போன்ற விலையுயர்ந்த பொருளில்தான் ஒட்டியிருப்பார்கள். இரண்டு வெள்ளிப் பாக்கெட்டுக்கு மணி அடிக்காது.

பிரித்த உடனே பார்கோடு உள்ள துண்டைக் கிழித்து உங்கள் பர்ஸில், காசு வைக்கும் அறையில் வையுங்கள். காசெடுக்கப் பர்ஸைத் திறந்தே ஆக வேண்டும், துண்டு கையில் தட்டுப்படும். ஃபோன் தட்டிக் கட்டுபவர் என்றால் துண்டை ஃபோன் உறைக்குள் செருகுங்கள். சாமானை மேஜையில் எடுத்து வைக்கும்போது அந்தத் துண்டுதான் முதலில் போக வேண்டும். அரிசி மூட்டைக்குப் பிறகு என்று வைத்தால் மறந்துபோகும். பிள்ளையை இருக்கையிலிருந்து தூக்கும் வேலையைக் காசு கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். தூக்கினால் தொடைக்குக் கீழே உள்ளது தெரிந்துவிடும். எல்லோரும் இதை வண்டியருகே போய்ச் செய்கிறார்கள், அதற்குள் கடையை விட்டு வந்தாகிவிட்டது.

பிள்ளை சிந்துகிறான் என்று கட்டாத பாக்கெட்டைச் சொந்தப் பைக்குள் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். காவலாளி தேடுவதே அதைத்தான். அதேபோல், கவுண்டரைத் தாண்டி வாசலுக்கு முன்னால் ஞாபகம் வந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சாமானை வண்டியில் வைத்துவிட்டு வரலாம் என்று வெளியே போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மளிகைக் கடையில் இப்படி விட்டுப்போனால் அண்ணன் “பரவாயில்ல, வெச்சுக்கோம்மா” என்கிறார். காசை வாங்கவே மாட்டேன் என்கிறார்.
— வாசகி

பதில்: அங்கே ஸ்கேனர் இல்லை, ஸ்டாக் கணக்கு அவர் தலையில் இருக்கிறது. பொருள் அவருடையது, அவரே ‘வேண்டாம்’ என்றால் சட்டப்படியும் முடிந்துவிட்டது. மனம் கேட்கவில்லை என்றால் கடன் எழுதும் 555 புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சம்பளத்தன்று மொத்தமாகக் கூட்டும்போது அதுவும் சேர்ந்துவிடும், யாருக்கும் சங்கடம் இருக்காது. கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பையன் “பரவாயில்ல” என்றால் அது செல்லாது, காசைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் டவுனில் காசாளர். பிள்ளைகள் தின்றது, ஸ்கேன் ஆகாமல் போனது என்று மாதக் கடைசியில் ஸ்டாக் குறைவை எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இது சரியா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சரியில்லை. 1955 வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது: முதலாளி தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், முன்னறிவிப்பு இல்லாமல் நின்றால் தரவேண்டிய ஈடு, வேறு சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்கள் என்று போகிறது. கடையின் ஸ்டாக் குறைவு அதில் இல்லை. வேலைக்குச் சேரும்போது ‘பிடித்துக்கொள்ளலாம்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும், சட்டத்தைவிடக் குறைவான நிபந்தனை செல்லாது. 2023 ஜனவரி முதல் இந்தச் சட்டம் சம்பள வரம்பில்லாமல் தீபகற்ப மலேசியாவின் தனியார் ஊழியர்களுக்குப் பொருந்துகிறது.

முதலில் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், எந்தத் தேதி, எவ்வளவு, எதற்கு என்று. பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்; ஜபாத்தான் தெனாகா கெர்ஜா என்று கேட்டால் வழி காட்டுவார்கள். போகும்போது சம்பளச் சீட்டுகள், வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு, பிடித்தம் பற்றி மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அடையாளக் கார்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டே தருவதில்லை என்றால் அதையும் புகாரில் சேருங்கள். ஒவ்வொரு சம்பளக் காலத்துக்கும் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை.

தனியாகப் போகத் தயக்கம் இருந்தால் பிடித்தம் நடந்த எல்லாரும் சேர்ந்தே போகலாம். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை மட்டும் மாதவாரியாகத் தனித்தனித் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.